தோள் உயரத்துல ஒரு ஷவர்

இன்னிக்குக் காலையில நான் குளிச்சேன்!

(சிரிக்காதீங்க. இதெல்லாம் ஒரு சேதியான்னு கேக்கறவங்க முழுசாக் கேட்டுட்டுப் போங்க.)

போன மாசம் இங்க பெங்களூர்ல அல்சூர் கோயில் வாசல்ல ஜட்கா வண்டியிலேர்ந்து இறங்கறப்போ விழுந்து வலது கை முறிஞ்சு போச்சு. முழங்கைக்கு மேல வரைக்கும் மாவுக்கட்டு.

மொத நாள் இடது கையால மொண்டு ஊத்திக்கிட்டேன். சோப்பைப் பிடிச்சா சொம்பு நழுவுது, சொம்பைப் பிடிச்சா சோப்பு ஓடுது. கடைசியில கட்டு தொப்பலா நனைஞ்சு, ஆஸ்பத்திரியில டாக்டர் கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அன்னிலேர்ந்து என்னைக் குளிப்பாட்டற வேலையை எங்க மாமியார் எடுத்துக்கிட்டாங்க.

நல்ல மனசுதான், இல்லேன்னு சொல்லல. ஆனா அத்தை பீர்க்கங்காய் நாரைக் கையில எடுத்தா, புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்கற மாதிரிதான்!

"திரும்புடி. குனி. காதுக்குப் பின்னாடி என்ன, தோட்டமா போட்டிருக்கே?"

ரெண்டு புள்ளை பெத்தவ நான்!

அதையாவது பொறுத்துக்கலாம். போன வாரம் குழாயடியில பக்கத்து வீட்டம்மா, "கமலா, உன் இடுப்புல மச்சம் இருக்காமே! ரொம்ப யோகம்"னாங்க. அத்தனை பேரு எதிர்ல! ஒத்தக் கையில பிடிச்சிருந்த குடத்தை அங்கேயே போட்டுட்டு ஓடிப் போயிடலாமான்னு இருந்துச்சு.

(யாரு சொல்லியிருப்பாங்கன்னு நான் சொல்லணுமா?)

அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் ஆபீஸ்லேர்ந்து வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள சொல்லிட்டேன். "எனக்கு ஷவர் வேணும். இல்லேன்னா கட்டு பிரிக்கற வரைக்கும் குளிக்கவே மாட்டேன்."

"ஷவரா? அதெல்லாம் தொரைங்க பங்களாவுல இருக்கறதும்மா!"

"தொரைங்களுக்கு ரெண்டு கை இருக்கு. எனக்கு இப்போ ஒண்ணுதான். யாருக்கு அவசியம்?"

கழட்ட வந்த செருப்பை மனுஷன் மறுபடி மாட்டிக்கிட்டாரு.

யுத்தம் வந்ததுலேர்ந்து புதுப் பித்தளைச் சாமான் எந்தக் கடையிலயும் கண்ணுல படறதில்ல. அதனால ஊருக்குக் கிளம்பற தொரைங்க விட்டுட்டுப் போன சாமானை விக்கற ஏலக்கடைக்குப் போனோம். டேப்பு, பைப்பு, தண்ணி கொட்டற ஓட்டைத் தட்டு, மூணும் சேர்ந்தது ஒரு செட்டு.

அவருக்குப் பிடிச்சது தோசைக்கல் சைஸ்ல ஒண்ணு. "எவ்ளோ கம்பீரமா இருக்கு பாரு!"

"கம்பீரத்தை வெச்சு என்ன பண்றது? நம்ம டிரம் தண்ணி ரெண்டு நிமிஷத்துல காலி!"

நான் சின்னதா நாலஞ்சு எடுத்து, வாயை வெச்சு ஊதிப் பார்த்தேன். பாதிக்கு மேல அடைப்பு. ஏலக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாரு. பார்த்துட்டுப் போவட்டும்! எல்லா ஓட்டையிலயும் காத்து வந்தது ஒண்ணே ஒண்ணு, அதைத்தான் வாங்கினோம்.

மறுநாள் பிளாக்பள்ளியிலேர்ந்து பிளம்பர் பாய் வந்தாரு. குளிக்கற ரூம்ல பலகை அடிச்சுத் தகர டிரம்மை ஏத்தினாரு. ஹண்டேயில, அதான் வெந்நீர் அண்டாவுல, காய வெச்ச தண்ணியை விளாவி எங்க வீட்டுக்காரர் அதுல ஊத்தணும். டேப்பைத் திருகினா எனக்குத் தண்ணி.

(தன் புள்ளை போய்ப் பெண்டாட்டிக்கு வெந்நீர் தூக்கணுமான்னு அத்தை முகம் அப்பவே சுருங்கிடுச்சு.)

பாய் பைப்பை உச்சியில வெச்சு ஆணி அடிக்கப் போனாரு. அத்தை போட்டாங்க பாருங்க ஒரு சத்தம்!

"நிறுத்துப்பா! மேலேர்ந்து கொட்டினா தலை நனையுமே! செவ்வா வெள்ளி தலைக்கு ஊத்திக்கறது சரி. ஒரு பொம்பளை தினம் தலை முழுகிட்டு ஈர முடியோட வாசல்ல நின்னா, ஊரு என்ன கேக்கும்? வீட்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு துக்கம் விசாரிக்க வந்துடுவாங்க!"

இத்தனை பாடுபட்டு இங்க வந்து நின்னுடுமா? ஆனா யோசிச்சா, ஒத்தக் கையால இவ்ளோ முடியைத் துவட்டிச் சிக்கெடுக்கறது என்னாலயும் ஆகாது. கட்டும் நனையும்.

சட்டுனு சொன்னேன், "பாய், என் தோள் உயரத்துல வெச்சிடுங்க."

பாய் கையில சுத்தியலோட திரும்பினாரு. "க்யா அம்மா இது! ஷவர்னா தலைக்கு மேலதான். இவ்ளோ கீழ வெச்சா ஆட்டுக்குட்டியா குளிக்கப் போவுது?"

"நான்தான் குளிக்கப் போறேன். அடிங்க!"

அத்தை முணுமுணுத்துக்கிட்டே உள்ள போனாங்க. தலைதான் நனையாதே!

எங்க வீட்டுக்காரர் ஆறடி. நேத்து சாயந்திரம் ஆசையா உள்ள போய் டேப்பைத் திறந்தாரு, தண்ணி நேரா தொப்புள்ல. முட்டி போட்டு, கூனிக் குறுகி, சுவத்துல இடிச்சுக்கிட்டு வெளிய வந்து, "எனக்கு சொம்பே போதும்மா"ன்னாரு.

இன்னிக்குக் காலையில என் முறை. கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டேன். கட்டுக் கையைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டு டேப்பைத் திருகினேன். வெதுவெதுன்னு தண்ணி தோள்ல விழுந்தப்போ சத்தியமா அழுகை வந்துடுச்சு. யாரும் திரும்புன்னு சொல்லல. யாரும் குனின்னு சொல்லல. எனக்கு இஷ்டம் இருந்தப்போ திரும்பினேன்.

அஞ்சு நிமிஷம் ஆகல, வெளியேர்ந்து குரல். "கமலா! வழுக்கிடப் போவுதுடி. நான் வரட்டா?"

"வேணாம் அத்தை!"

"முதுகு தேய்ச்சியா?"

"ஆச்சு அத்தை!"

எங்க ஆச்சு? இடது கை பாதி முதுகுக்குக் கூட எட்டல!

அழுக்கு இருக்குதா? இருந்துட்டுப் போவட்டும். என் அழுக்குதானே!