பழனியின் காலர் ட்யூன்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாவதோடு நின்றவள். பத்திரிகையில் பாட்டைப் பற்றி எழுதப் போனால் வாக்கியம் எங்கேயாவது போய் முட்டிக்கொண்டு நிற்கும். படத்தின் பெயர் ஞாபகம் வந்தால் பாடியவர் பெயர் மறந்துபோகும். இத்தனை வாரம் பொறுத்தீர்கள், இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் துக்கமான சமாசாரம்.

போன மாதம் பழனி இறந்துபோனார்.

மராத்தி பேசும் இந்தத் தாபோடியில் எங்கள் சந்துக்காரர். ஃபேக்டரியில் ரிட்டயர் ஆனபிறகு ஆட்டோ ஓட்டினார். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பெண்களில் முழங்கால் வலிக்காரிகள் அத்தனை பேரும் அவர் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒருநாள் காலையில் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. அவரைக் கொண்டுபோக இன்னொரு ஆட்டோவைத் தேட வேண்டியிருந்தது.

அவர் வீட்டு ஹாலில் ஐஸ் பெட்டி வைத்தாயிற்று. சொந்தக்காரர்களிடம் இருந்தது பழனியின் நம்பர் மட்டும்தான். அதனால் எல்லோரும் அந்த நம்பருக்கே போன் போட்டார்கள். போட்டவர்களுக்கு என்ன கேட்டது தெரியுமா? விசில்... மேளம்... ஒரு குத்துப்பாட்டு!

ஆம்பூரிலிருந்து பழனியின் அண்ணன் போன் செய்தார். பழனியின் பையன் பிரகாஷ் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவர் பேசியது எங்களுக்கெல்லாம் கேட்டது.

"இன்னாடா இது? தம்பி செத்துட்டான்னு போன் போட்டா உங்க வூட்டுல டான்ஸ் ஆடறீங்களா?"

"பெரியப்பா, அது அப்பா வச்ச காலர் ட்யூன்... எனக்குத் தெரியாது."

"தெரியாதா? உங்க அப்பனுக்கு நீ ஒருநாளும் போனே போட்டதில்லையா?"

"வாட்ஸ்அப்ல பண்ணுவேன் பெரியப்பா."

மூலையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிரகாஷ் ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை பார்ப்பவன், மானஸ்தன். அவன் முகம் சிவந்துபோயிற்று. பால்கனிக்குப் போய்ப் பட்டன்களை அழுத்தினான். பாட்டு போயிற்று. காரியமெல்லாம் முடிந்ததும் நம்பரையும் ரத்து செய்துவிட்டான்.

காலர் ட்யூன் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. எனக்குப் போனில் பேசக் கூச்சம். அந்தப்பக்கம் எடுக்கும்வரை வருகிற பாட்டுதான் எனக்குப் பிடித்த பகுதி. எடுத்துவிட்டால் பாட்டும் போச்சு, என் நாக்கும் போச்சு. சாமி பாட்டு வைத்திருப்பவர்கள் எடுத்தவுடன் எரிந்து விழுவார்கள் — கவனித்திருக்கிறீர்களா? சோகப் பாட்டு வைத்திருப்பவர்கள் கலகலவென்று பேசுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாட்டே வைப்பதில்லை. வெறும் ட்ரிங் ட்ரிங்.

இன்னொன்று. அந்தப் பாட்டை வைத்தவர் காதில் அது விழுவதே இல்லை. ஊருக்காக வைக்கிற பாட்டு அது.

இப்போது வருகிற பாட்டுகள் பொதுவாக எனக்குப் பிடிப்பதில்லை. மேளம் ஏறிச் சொல்லை மிதித்துவிடுகிறது. ஆனால் பழனியின் பாட்டு பிடிக்கும். வண்டி ஓட்டும்போது அவர் போனைச் சட்டென்று எடுக்கமாட்டார். அதனால் நிறையக் கேட்கலாம். பேசாத மனுஷர்... ஆட்டோவில் ரேடியோகூடப் போடமாட்டார். நாம் என்ன சொன்னாலும் "ஹாங் அக்கா" என்பதோடு சரி. அவர் எப்படி இந்தப் பாட்டை வைத்தார் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். கேட்டதில்லை.

போன வாரம் மத்தியானம் அவர் பெண்சாதி மல்லிகா வந்தாள். உட்காரவில்லை.

"அக்கா, உங்க போன்லேர்ந்து அவருக்கு ஒரு போன் போடுங்க."

"எதுக்கு மல்லிகா?"

"அந்தப் பாட்டு... எல்லாரும் கேட்டாங்க, சிரிச்சாங்க, திட்டுனாங்க. நான் மட்டும் கேக்கலை. எனக்கு ஏது தனி போன்? இருந்தாலும் எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு எதுக்குப் போன் போடப்போறேன்?"

போட்டேன். இந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் மராத்தியில் சொன்னாள். அப்புறம் ஹிந்தியில். அப்புறம் இங்கிலீஷில். மல்லிகா மூன்றையும் கடைசிவரை கேட்டாள்.

பிறகு பிரகாஷுக்குப் போட்டோம்.

"நம்பர் பந்த் பண்ணிட்டேன் ஆன்ட்டி. பேங்க் மெசேஜ்லாம் என் நம்பர்ல மாத்தியாச்சு."

"அது என்ன பாட்டுப்பா?"

"க்யா பதா ஆன்ட்டி, தெரியலை... ஏதோ குத்து சாங். யார் கேட்டா?"

மல்லிகா என் கையிலிருந்து போனை வாங்கினாள். "உங்கப்பா வாயைத் தொறந்து பேசுனதே அது ஒண்ணுதான்டா. அதையும் மூடிட்டியே!"

"எல்லாரும் சிரிச்சாங்கம்மா... அப்பாவைப் பார்த்துச் சிரிச்சாங்க" என்றான். அவனும் அழுதான் என்று நினைக்கிறேன்.

மல்லிகா என்னைப் பார்த்தாள். "நீங்கதான் பாட்டுப் பைத்தியமாச்சே. பாடிக் காட்டுங்க."

நானா? சமையலறையில் முனகுவதோடு சரி. ஆளுக்கு முன்னால் பாடியதே கிடையாது. ஆனால் அவள் நின்ற நிலையில் முடியாது என்று எப்படிச் சொல்வது? கதவைச் சாத்தினேன். கட்டில் விளிம்பில் தாளம் தட்டி, தெரிந்த நாலு வரியைப் பாடினேன். மூச்சு வாங்கியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் வந்த பிரகாஷ் என்னை இன்னொருமுறை முனகச் சொல்லி, அதை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தான். அம்மாவுக்குப் புதுப் போன் வாங்கி அதில் அந்தப் பாட்டைப் போட்டுக் கொடுத்தான். இப்போது எதிரே மல்லிகா வீட்டிலிருந்து நாள் முழுக்க அதே பாட்டுதான். ஒரு பெண்ணைக் கிட்டே வரச்சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு அது.

"என்னைத்தான் கூப்டுருக்காரு அக்கா. பக்கத்துலயே இருந்தேன், ஒரு நாளும் கூப்டலை. ஊருக்கெல்லாம் கேக்குற மாதிரி கூப்டுருக்காரு பாருங்க" என்றாள். அவர் செத்த பிறகு அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சோறு தின்று பார்த்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

முந்தாநாள் ஆம்பூர் அண்ணன் வந்திருந்தார். திரும்பிப் போகும்போது மாடிப்படியில் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "அது இந்தப் பாட்டு இல்லீங்கம்மா. அதுல விசிலுக்கு அப்பால நாதஸ்வரம் வரும். இதுல எங்க கீது?"

பழனி ஆட்டோவில் போகிற, பக்கத்து ஏரியா போபோடி அம்மாவைக் கேட்டேன். அவர் வேறு ஒரு பாட்டைச் சொன்னார். இன்னொருத்தி, அது மராத்திப் பாட்டு என்றே அடித்துச் சொன்னாள். நடுவில் பழனி மாற்றினாரோ என்னவோ. பாடியபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் விசில் மட்டும் கேட்கிறது... அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை.

மல்லிகா தமிழ் படிக்கமாட்டாள், மராத்தி ஸ்கூலில் படித்தவள். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். வாசகர்களில் பழனிக்குப் போன் போட்டவர்கள் யாராவது இருப்பீர்கள். கொஞ்சம் யோசித்து, வீட்டில் நாலு பேரைக் கேட்டு, விசிலுக்கு அப்புறம் என்ன வந்தது என்று சரிபார்த்துச் சொல்லுங்கள். பத்திரிகைக்கு எழுதினால் என்னிடம் கொடுத்துவிடுவார்கள்.

தப்பான பாட்டென்றால், எனக்கு மட்டும் சொல்லுங்கள்.