பானைக்குப் பின்னால ஒட்டின பேரு

தியாகதுருகத்துல ராஜாங்கத்தோட நெல்லு மில்லு சுவத்த ஒட்டினாப்ல ஒரு ஓட்டு ரூமு கீது. அதுலதான் அமிர்தம் குடியிருக்கிறா. அதுக்கு நேர் எதிர்ல என் பொட்டிக்கடை. அவ வூட்டு சங்கதி அவளவிட எனக்குத்தான் ஜாஸ்தி தெரியும்னு ஊர்ல ஒரு பேச்சு. பொய்யில்ல.

அவளுக்கு ஒரு புருசன் இருந்தான், காசிநாதன்னு. கள்ளக்குறிச்சியில பத்திரிகை அடிக்கிற பிரஸ்ல வேலை. கடுக்கா வாங்கியாந்து விக்கிறேன்னு கல்வராயன் மலைக்குப் போனவன், வெள்ளிமலையில ஒருத்தியப் புடிச்சிக்கினு அங்கியே தங்கிட்டான். "ஊருக்குக் கடுக்கா வாங்கியாறேன்னான், பொண்டாட்டிக்கு மட்டும் குடுத்துட்டான்"னு நான் கடையில உக்காந்து சொல்லப்போக, அது சந்தை வரைக்கும் போயிடுச்சி. அமிர்தம் காதுக்கும் போச்சி. அவ எங்கிட்ட வந்து, "ராசண்ணே, உங்க வாயில நெல்ல போட்டா மில்லு தேவையில்ல, அரிசியா வருது"ன்னா. அவ்ளோதான். சண்டை போடல.

அவன் வுட்டுட்டுப் போனது ஒரு கைமிஷினும் நாலஞ்சி டையும். டைன்னா, பலகையில பிளேடு மாதிரி தகட்ட வளைச்சி அடிச்சிருப்பாங்க. பொங்கப்பானை, கரும்பு, மயிலு, மாங்கான்னு ஒவ்வொண்ணு ஒரு ரூபம். அட்டைய வெச்சிக் கைப்புடிய அழுத்தினா நறுக்குனு அந்த ரூபம் வெட்டி வுழும். இத வெச்சித்தான் அமிர்தம் பொங்கல் வாழ்த்து செய்ய ஆரம்பிச்சா. அப்ப எண்பத்தஞ்சி, எண்பத்தாறு இருக்கும். மார்கழி பொறந்தா வாழ்த்து அட்டைக்குப் புள்ளைங்க கடை கடையா அலையுற காலம்.

அவ அட்டை கடை அட்டை மாதிரி இருக்காது. பூப்போட்ட பேப்பரு, கட்டம் போட்ட பேப்பரு, ஜிகினா பேப்பரு, எல்லாம் பிரஸ்ல கழிச்சிப் போடறத மூட்டையா வாங்கியாருவா. அடியில தடி அட்டை. அதுமேல மஞ்சப் பேப்பரு. அதுக்கு மேல பானை ரூபத்துக்கு ஓட்டை வெட்டின பூப்பேப்பரு. தூரத்துலேர்ந்து பாத்தா மஞ்சப்பானை ஒண்ணு பூவுக்கு நடுவுல பொங்கறாப்ல இருக்கும். ஒட்டறது மைதாப் பசை. வாசகம் எழுதறது நானு, ஏழாங்கிளாஸ் வரைக்கும் போனவன். அமிர்தத்துக்கு எழுத்து வாசனையே கெடையாது. அவளுக்கு எழுத்தும் ஒரு டிசைன்தான்.

அந்த மார்கழியில ராஜாங்கம் கூப்ட்டு, "மில்லுக்கு வர ஆளுங்களுக்குக் குடுக்கணும், நாப்பது அட்டை செய்யி. அப்பாவுக்குன்னு பெருசா ஒண்ணு தனியா செய்யி, சாமி மாடத்துல வெக்கறாப்ல"ன்னான். அவுங்கப்பா கண்ணாயிரம், எண்பது வயசு. அமிர்தத்தை அந்த ரூமுல குடி வெச்சது அவுருதான். ராஜாங்கம் அப்பிடி இல்ல. சகுனம் பாக்கறதுல அவன மிஞ்ச ஆளே இல்ல. பூனை குறுக்க போனா டிராக்டரையே ரிவர்ஸ் எடுப்பான். மில்லுல மொத மூட்டை அவுக்கும்போது தும்மிட்டான்னு இருசப்பனை வேலைய வுட்டே தொரத்தினவன்.

பெரிய அட்டைக்குத் தடி அட்டை வேணும். மூட்டையில ரெண்டே ரெண்டு இருந்துச்சி, ரெண்டுலியும் ஒரு பக்கம் ஒரே அச்சு. அமிர்தம் எடுத்தாந்து எங்கிட்ட நீட்டினா.

"அண்ணே, இதுல இன்னா எழுதிக்கீது? கெட்ட சேதி ஒண்ணும் இல்லியே?"

நான் பீடி பத்த வெச்சிக்கினு இருந்தேன். மேல் வரியப் பாத்தேன். உத்தரகிரியைப் பத்திரிகை. கருமாதிக் காகிதம். கருப்பு பார்டர் அடிக்கறதுக்கு முன்னாலயே கழிச்சிட்டாங்க போல, அதான் இவளுக்குத் தெரியல. எனக்குச் சிரிப்பு வந்துச்சி. சகுனம் பாக்கற வூட்டு சாமி மாடத்துல கருமாதிக் காகிதம்! மேலதான் பேப்பரு ஒட்டப்போறாளே, எவனுக்குத் தெரியப்போவுது?

"காதுகுத்து பத்திரிகைம்மா. தாராளமா ஒட்டு"ன்னேன்.

மேல் வரியோட நிறுத்திட்டேன். கீழ படிக்கல. அதுதான் நான் செஞ்சது.

ரெண்டையும் ஓரம் வெட்டி ஒட்டினா. நல்லா வந்தது பெரியவருக்குப் போச்சி. பானை கொஞ்சம் கோணினது, வாசகம் எழுதின கூலிக்குன்னு எனக்கு. கடை வாசல்ல மாட்டினேன். போகி அன்னிக்குக் காலையில நல்ல பனி. மைதாப் பசை பனிக்குத் தாங்குமா? மஞ்சப் பேப்பரு பானை வாயிலேர்ந்து நாக்கு மாதிரி தொங்கிச்சி. உள்ள எழுத்து. அப்பத்தான் படிச்சேன். "கண்ணாயிரம் அவர்கள்." கீழ, "தை மாதம் 20ஆம் நாள்." வருசம் இருந்த ஓரத்த அமிர்தம் வெட்டிப்போட்டுக்கீறா. அது எந்த ஊரு கண்ணாயிரமோ, எந்த வருசத்துத் தையோ.

எங்க ஊர்ல கருமாதிக் காகிதம் வந்தா வாசல்லியே நின்னு படிப்பாங்க, கிழிச்சிப் போட்டுட்டுத்தான் உள்ள போவாங்க. அதே காகிதம் சாமி மாடத்துல, வெளக்குக்குப் பக்கத்துல, பெரியவரு பேரோட உக்காந்துக்கீது.

அமிர்தங்கிட்ட சொன்னேன். அவ என்னத் திட்டல. கையில இருந்த கத்திரிய மெதுவா கீழ வெச்சா.

"ராஜாங்கம் பாத்துட்டா என்ன மிஷினோட தூக்கி ரோட்ல போட்டுடுவாரு, இல்ல? நான் பில்லி வெச்சேன்னு சொல்லுவாரு. அப்புறம் எந்த ஊர்லண்ணே எனக்கு ரூமு குடுப்பாங்க?"

நான் கடைக்குப் போயி, வாசல்ல தொங்கினத அவுத்து போகி நெருப்புல போட்டேன்.

பொங்கலு, மாட்டுப் பொங்கலு ரெண்டு நாளும், மில்லு சுவத்துக்குள்ளியே இருக்கிற அவுங்க வூட்ல ஜனம். உள்ள போவ முடியல. காணும் பொங்கலு அன்னிக்குப் பெரியவங்க கால்ல வுழுற சாக்குல ரெண்டு பேரும் போனோம். கண்ணாயிரம் நெல்லு காயவெக்கிற களத்துல நாற்காலி போட்டு உக்காந்துக்கினு இருந்தாரு. தலைய மழுங்க சிரைச்சிக்கினு, துவைச்ச வேட்டி. பக்கத்துல அவுரு சட்டை துணியெல்லாம் மடிச்சி, இன்னாருக்கு இன்னாருக்குன்னு பிரிச்சி வெச்சிருந்தாரு. மடியில அந்த அட்டை. மஞ்சப் பேப்பரு முழுசா உரிஞ்சிருந்துச்சி.

"வா அமிர்தம். எங்கடா காணோம்னு பாத்தேன். பதினாறாம் நாள் காரியம் இருபதாந்தேதின்னா, உசுரு போறது அஞ்சாந்தேதி. கணக்கு சரிதான?"

அவ பொத்துனு கால்ல வுழுந்தா. "ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அது வேற யாருதோங்க. பிரஸ்ல கழிச்சிப் போட்டதுங்க."

"படிக்கத் தெரியாதவ கையில, எம்பேரு போட்டது, எம்வூட்டுக்கே வருது. அப்ப அனுப்பினவன் நீ இல்லம்மா."

"நான்தாங்க படிச்சிட்டுப் பொய் சொன்னது"ன்னு நான் முன்னால போனேன்.

அவுரு என்ன ஏற இறங்கப் பாத்தாரு. "நீயா? உங்கிட்டயெல்லாமாடா சேதி குடுத்தனுப்புறான் எமன்? ஆள் பஞ்சம் அங்கியும் வந்துடுச்சா?"

சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரல. அதுக்குள்ள ராஜாங்கம் செருப்பு சத்தம். "இன்னாப்பா, கூட்டமா கீது?"

பெரியவரு அட்டைய மடக்கி இடுப்புல சொருகினாரு, மேல வேட்டிய இறுக்கினாரு. "காணும் பொங்கல்டா. துன்னூறு வாங்க வந்துக்கீறாங்க."

ராஜாங்கம் எங்களப் பாத்துட்டு மில்லுக்குள்ள போனான். பெரியவரு அமிர்தம் நெத்தியில துன்னூறு பூசிக்கினே கொரலக் கம்மி பண்ணிச் சொன்னாரு. "இது எங்கிட்டயே இருக்கும். நான் போற அன்னிக்கு எவனும் என்னக் குளிப்பாட்ட வேட்டிய அவுக்கறதுக்கு முன்ன நீ வந்து எடுத்துக்கோ. எம்மவன் கண்ணுல பட்டா உனக்கு ரூமு கெடையாது. சீக்கிரமா வந்துடு, இன்னா?"

தை அஞ்சு அன்னிக்கு அமிர்தம் மிஷினைத் தொடல. சுவத்தாண்டியே உக்காந்திருந்தா. பொழுது சாயற நேரத்துல பெரியவரு கைத்தடி ஊணிக்கினு அவ வாசலுக்கே வந்தாரு. "வருசம் போட்ட ஓரத்த நீதான வெட்டிட்ட? அப்ப இந்தத் தைன்னு இல்ல, எந்தத் தையும் சரிதான்"னு சொல்லிட்டுத் திரும்பிப் போனாரு.

அதுலேர்ந்து அவ பொழப்பு ஒரு இருமலோட போச்சி. காலையில மில்லு ஓடறதுக்கு முன்ன, சுவத்துக்கு அந்தாண்ட கண்ணாயிரம் மூணு தடவை இருமுவாரு. அது காதுல வுழுந்தாத்தான் கத்திரிய எடுப்பா. வெளியூருன்னு எங்கியும் போவ மாட்டா. களமருதூர்ல தங்கச்சி பொண்ணு சடங்கு, அதுக்கும் போவல. "இன்னா அமிர்தம், கெழவனுக்குக் காவலா?"ன்னு வழக்கம்போல கேக்க வாய் வரும். முழுங்கிக்குவேன். நடுவுல எங்கிட்ட எழுத்து கத்துக்கினா. அ, ஆ வேணாம்னுட்டா. "கருமாதிக் காகிதம்னு கண்டுபுடிக்க எந்தெந்த எழுத்து வேணுமோ அத மட்டும் சொல்லுங்க"ன்னா.

ஒரு தை போச்சி. ரெண்டாவது தையும் போச்சி. மூணாவது தையில, அஞ்சாந்தேதி காலையில நான் கடை தொறந்துக்கினு இருக்கேன், அமிர்தம் கதவாண்ட நிக்கிறா. தலைய சாச்சிக் காது குடுத்துக்கினு. இருமல் வரல. மில்லு ஆளுங்க வந்துட்டாங்க. அப்பவும் வரல. அவ முந்தானைய இழுத்துச் சொருகிக்கினு ஓடினா. நான் பாத்துக்கினே நின்னேன்.

திரும்பி வரும்போது நடந்து வந்தா. இடுப்புல ஒரு கை அழுத்திப் புடிச்சிருந்தா. அவ ரூமுக்குள்ள போயி கதவச் சாத்தின பொறவுதான் அந்த வூட்லேர்ந்து பொம்பளைங்க ஓலம் கெளம்புச்சி.

மறாநாளு ராஜாங்கம் மொட்டத்தலையோட அவ வாசலுக்கு வந்தான். "அப்பாவுக்கு உன் அட்டைன்னா உசுரு. கருமாதிப் பத்திரிகையும் நீயே வெட்டிக் குடுத்துடு. இருபதாந்தேதி"ன்னான். போய்ட்டான்.

வாசகம் எழுத என்னக் கூப்ட்டா. பேனாவ எடுத்துக்கினு போனேன். "இன்னா எழுதறது சொல்லு"ன்னேன். அமிர்தம், வேர்வையில நைஞ்சி போன ஒரு அட்டைய எடுத்து என் முன்னால விரிச்சி வெச்சா.

"எல்லாம் இதுலியே கீது, அண்ணே. பாத்து எழுதுங்க. இந்த தடவை கீழ வரைக்கும் படிச்சிட்டு எழுதுங்க."