எழுதியதைப் படிக்கச் சொன்ன எஸ்தர் அக்கா

எஸ்தர் அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் ஃபோனில் சொன்னபோது, உத்திரமேரூரில் என் ஜெராக்ஸ் கடையில் யாருடைய ஆதாரையோ நகலெடுத்துக்கொண்டிருந்தேன். 'நல்லவேளை, நான் சொன்ன பொய் தெரியாமலே போய்விட்டார்' என்றுதான் முதலில் தோன்றியது. என்ன ஜென்மமோ நான். அக்காவை அறிந்த உங்களிடமாவது அதைச் சொல்லியாக வேண்டும்.

நம் மலையில் கல்குவாரி வைக்க முதன்முறை கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தினார்களே, நினைவிருக்கும். அக்கா களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பேசி முடித்ததும் நாமெல்லாம் பெரிய வீரர்கள் போலச் சாப்பாட்டுக்கு எழுந்தோம். அவர் அசையவில்லை.

"எழுதினத இங்கியே படிங்க சார்."

அதிகாரி படித்தார்: சிலர் தண்ணீர் பற்றிப் பேசினர்.

"சிலர் இல்ல சார், எஸ்தர். தண்ணி இல்ல, கால்வா. மலைலேர்ந்து நம்ம ஏரிக்கு வர்ற கால்வா. அத்த மூடிட்டா நடவு கெடையாது, எனுக்கு வேலையும் கெடையாது. அப்டியே எழுதுங்க."

எழுதினார்கள். அந்தக் குவாரி வரவில்லை. "நாம பேசிட்டா ஆச்சா? அவங்க எழுதினாத்தான் பேசினதா ஆவும்" என்று வழியெல்லாம் நம்மைக் கிண்டலடித்துக்கொண்டே வந்தார்.

இந்த வருடம் மலையின் மறுபக்கத்தைக் குவாரிக்காக வேறொருவர் கேட்டார். கூட்டத்தன்று அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கால்வாயைப் பற்றி நான் பேசினேன். நன்றாகவே பேசினேன், கைதட்டினீர்கள். அந்த மிதப்பில், பஸ்ஸைப் பிடிக்கப் பாதியிலேயே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். அவர் குரல் சன்னமாகத்தான் வந்தது.

"கடைசி வரிக்கும் இருந்தியாப்பா?"

"இருந்தேன்க்கா."

"கால்வாய படிச்சாங்களா?"

"படிச்சாங்க."

"செரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

போன வாரம் கூட்ட அறிக்கையைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டினார்கள். இரண்டு முறை படித்தேன். வேலைவாய்ப்பு இருக்கிறது, சாலை வசதி இருக்கிறது, கால்வாய் இல்லை. அக்காவிடம் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நாளை, நாளை என்று தள்ளிப்போட்டேன். ஃபோன் முந்திக்கொண்டது.

ஆட்சேபணை மனு எழுதிவிட்டேன். நான் பாதியில் எழுந்து போனதும் அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட வாருங்கள், திட்டவும் வாருங்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த "செரி" ஒன்றுதான். வாழ்நாளில் வேறு யாரும் என்னை அவ்வளவு முழுசாக நம்பியதில்லை.