கடை முட்டைக் குஞ்சுகள்

எனக்குக் கைராசி உண்டு. நானாகச் சொல்லிக்கொள்வதில்லை, வெள்ளானூரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். புதிதாய் வந்திருக்கும் அபார்ட்மெண்டில் யாராவது ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கிவந்தால்கூட என்னைக் கூப்பிட்டுத்தான் தொட்டியில் வைக்கச் சொல்வார்கள். நானும் ஆபீஸ் போகிற அவசரம் என்று கொஞ்சம் பிகு செய்துவிட்டு, பிறகு வைத்துக்கொடுத்துவிட்டுப் போவேன். இந்தப் பெயர் எனக்குப் பத்து வயதில் கிடைத்தது. நியாயமாகக் கிடைத்ததா என்று கேட்டால், கொஞ்சம் பொறுங்கள்.

உண்மையான கைராசிக்காரி அம்மா. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் இருந்த இடத்தில் ஒரு லாரியை நிறுத்தினால் கதவு திறக்க இடமிருக்காது. அந்த இடத்தில்தான் அம்மா கத்தரி, வெண்டை, மிளகாய், சிறுகீரை எல்லாம் போட்டிருந்தாள். சுவரோரம் அவரைப் பந்தல். கோழி எருவையும் அடுப்புச் சாம்பலையும் கலந்து வேரில் போட்டு, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவாள். காய்கறிக் கடைப் பக்கம் நாங்கள் போவது வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் மட்டும்தான். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கலெக்டருக்குப் படித்த பெண்ணைப் பெற்றவள்கூட அத்தனை பெருமையாகச் சொல்லியிருக்க மாட்டாள்.

கோழிகளில் இரண்டு பெட்டை, ஒரு சேவல். அம்மா அடைக்கு வைத்த முட்டை ஒன்றுகூட கூமுட்டையானது கிடையாது. ஊரே அதைப் பேசும். கைராசி தாயிடமிருந்து மகளுக்கு வரும் என்றும், மகள் தன் கையால் வைக்கிற முதல் அடை முழுசாகப் பொரித்துவிட்டால் அது நிலைத்துவிடும் என்றும், ஒன்று தப்பினாலும் போய்விடும் என்றும் எங்கள் பக்கத்துப் பெண்கள் நம்பினார்கள். நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருடம், அரைப்பரீட்சை லீவு விட்ட அன்று, கறுப்புப் பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. இந்தத் தடவை நீ வை என்றாள் அம்மா. எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

எங்களோடு சித்தப்பாவும் இருந்தார். ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வண்டியைவிட அவர் வாய் வேகமாக ஓடும். "இவகிட்ட குடுத்துகீறியே அண்ணி, பதினொண்ணும் ஆம்லெட்டுக்குத்தான்" என்றார். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முட்டை உடைக்கிற மாதிரி விரலைக் காட்டுவார்.

உடைந்த அன்னக்கூடை ஒன்றில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடி இடித்தால் முட்டை கெடாமலிருக்க ஒரு இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்தோம். பதினோரு முட்டைகளையும் என் கையால் வரிசையாக அடுக்கினேன். பெட்டை வந்து, சிறகை விரித்து, எல்லாவற்றையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. நாளுக்கு ஒருமுறை அதை இறக்கிவிட்டுத் தீனி காட்டுவதும் என் வேலைதான். தூக்குவதற்கு முன்னால் சிறகுக்கடியில் கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அம்மா மூன்று முறை சொன்னாள். நான் மூன்று முறையும் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் பெரிய மனுஷி மாதிரி பெட்டையை இரண்டு கையாலும் தூக்கினேன். சிறகிலிருந்து இரண்டு முட்டைகள் நழுவி, ஆணி மேல் ஒன்றும் கூடை விளிம்பில் ஒன்றுமாக விழுந்து உடைந்தன. எனக்கு அழுகைகூட வரவில்லை. போச்சு, கை போச்சு என்று மட்டும் முணுமுணுத்தேன். சித்தப்பா விரலைக் காட்டுவது கண்ணுக்கு முன்னால் வந்தது.

அப்புறம் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. உடைந்த இரண்டையும் அள்ளிக் கத்தரிச் செடியடியில் புதைத்தேன். தெருமுனைக் கடைக்கு ஓடி இரண்டு முட்டை வாங்கிவந்தேன். கடை முட்டை வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் முட்டையோ பழுப்பு. காலையில் போட்ட டீத்தூள் பாத்திரத்தில் மிச்சமிருந்தது. அதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, இரண்டு முட்டையையும் உள்ளே இறக்கி, நன்றாக நிறம் ஏறும்வரை விட்டுவைத்தேன். எடுத்துப் பார்த்தால் அசல் நாட்டு முட்டை. ஆறினதும் துடைத்து, பெட்டைக்கடியில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவினேன். அவித்த முட்டையை அடைக்கு வைத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு நான் உட்கார்ந்திருக்க, அம்மா வந்து பின்பக்கம் போனாள். கோழி வளர்க்கிற வீட்டில் ஒன்றை மண்ணுக்குள் புதைத்து ஒளித்தேனே, என் புத்தியை என்னவென்று சொல்ல? இன்னொரு பெட்டை தன் வளர்ந்த குஞ்சுகளோடு கத்தரிச் செடியடியைக் கிளறி, முட்டையோடுகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டுக் கொத்திக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அடைக்கூடையில் கையை விட்டாள். கையில் வந்த முட்டையை முகர்ந்தாள்.

அதன் பிறகு அவள் செய்தது எனக்குக் கல்லூரி முடிக்கிற வயதில்தான் தெரியவந்தது. ஆனால் அதை ஒளித்துவைத்து உங்களைத் திண்டாடவிட எனக்கு இஷ்டமில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அடைக்கு வைக்க வேறு முட்டை வீட்டில் இல்லை. இன்னொரு பெட்டை குஞ்சோடு திரிந்ததால் முட்டையிடவில்லை. சேவலோடு நாட்டுக்கோழி வளர்த்த இன்னொரு வீடு எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பின்வீட்டு அத்தையின் வீடுதான். அந்த அத்தைக்கும் அம்மாவுக்கும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பேச்சில்லை. எங்கள் கோழி சுவர் தாண்டிப்போய் அத்தையின் கீரைப் பாத்தியைக் கிளறிவிட்டது; அத்தை கல்லெறிந்தாள்; கோழி நொண்டிக்கொண்டு வந்தது. அப்புறம் சுவரின் இரு பக்கமும் பேசிய பேச்சில் தெருவே கூடிவிட்டது. "அவ ஊட்டு வாசப்படிய நான் மிதிச்சேன்னா என் பேர மாத்தி கூப்புடுங்க" என்று அம்மா கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். எங்கள் அம்மா பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்டவள்கூட இல்லை. சொன்னால் சொன்னதுதான்.

அந்த அம்மா அன்று முந்தானையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். சுவர் மேல் எட்டி இரண்டு முட்டை கேட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாகப் போனாள். விதைக்காக விட்டு, யாரும் பறித்துவிடாமல் துணி கட்டி அடையாளம் வைத்திருந்த பெரிய கத்தரிக்காயைக் கையோடு பறித்துக்கொண்டு போனாள். சும்மா வாங்கக் கூடாது என்பது அவள் கொள்கை. அத்தைதான் பின்னாளில் இதையெல்லாம் சொன்னாள். "வாசல்ல நின்னுகினு என் மூஞ்சக்கூட பாக்கல உங்கம்மா. ரெண்டு முட்ட வோணும், அடைக்கு, பொண்ணு மொத தபா வச்சிகீறா, அவ்ளோதான் சொன்னா" என்றாள். அத்தையும் பேசவில்லையாம். உள்ளே போய், அன்று இட்டது ஒன்றும் முந்தின நாள் இட்டது ஒன்றுமாகப் பொறுக்கி எடுத்துவந்து கொடுத்திருக்கிறாள்.

நான் அப்போது முன்னறையில் ஒன்றும் அறியாத பாப்பா போல் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று மாலை வீட்டில் முட்டைக் குழம்பு. வாரநாளில் முட்டைக் குழம்பு எங்கள் வீட்டில் அபூர்வம். இரண்டே முட்டைதான்; பாதி பாதியாக நான்கு பேருக்கும் வந்தது. சித்தப்பா தன் பாதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முட்டையில் ஏதோ டீ வாசனை வருகிறதே என்றார். எனக்கு ஒரு வாசனையும் வரவில்லை. நான் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

இருபத்தோராம் நாள் போகிப் பண்டிகையன்று வந்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. இரண்டு முட்டை மட்டும் அசையவில்லை. எந்த இரண்டு என்று எனக்குத்தானே தெரியும். சித்தப்பா கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒம்போது பாஸு, ரெண்டு பெயிலு" என்று போய்விட்டார். நான் அழுதுகொண்டே சாப்பிடாமல் படுத்தேன். என் கை எனக்கே பிடிக்கவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு நாளு ஆவும், இரு" என்றாள். இரண்டு நாள் என்று எப்படி அத்தனை சரியாகச் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் பொங்கலன்றும் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டை எழுந்து போகாமலிருக்க அம்மா அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்தே வைத்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று காலையில் போய்ப் பார்த்தேன். ஒரு முட்டையில் மூக்கு தெரிந்தது. இன்னொன்றில் விரிசல். பத்து மணிக்கு இரண்டும் ஈரத்தோடு வெளியே வந்து விழுந்தன.

எனக்கு வந்த சந்தோஷத்தில் ரகசியமெல்லாம் பறந்தது. அம்மா, அப்பா, சித்தப்பா மூவரையும் பின்பக்கம் இழுத்துவந்து, இரண்டு முட்டையை நான் உடைத்ததையும், புதைத்ததையும், கடை முட்டை வாங்கி டீத்தண்ணீரில் போட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை, அறிவித்தேன். கடை முட்டையே பொரிக்கிறது என்றால் என் கை எப்பேர்ப்பட்ட கை! அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பந்தல் பக்கம் திரும்பிக்கொண்டு அவரைக்காய் பறிக்க ஆரம்பித்தாள். சித்தப்பா மட்டும் குனிந்து அந்த இரண்டு குஞ்சுகளையும் பார்த்தார்.

இரண்டுக்கும் கழுத்தில் மயிரே இல்லை. பொரித்த அன்றே மொட்டைக் கழுத்து. எங்கள் தெருவில் மொட்டைக் கழுத்துக் கோழி ஒரே வீட்டில்தான் உண்டு. பின்வீட்டு அத்தையின் சேவல் தினமும் சுவர் மேல் நின்று, அந்தச் சிவப்புக் கழுத்தை நீட்டித்தான் கூவும். சித்தப்பாவுக்குப் புரிந்திருக்க வேண்டும். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அண்ணியின் முதுகைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் வாழ்க்கையில் ஒரு கேலியை விழுங்கியது அன்று ஒருநாள்தான். எனக்கு அந்தக் கழுத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. டீத்தண்ணீர் சூட்டில் கொட்டிப்போயிருக்கும் என்று விளக்கம் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து அத்தை கீரைக்குத் தண்ணீர் விடச் சுவர் பக்கம் வந்தாள். அந்த வீட்டோடு பேசக் கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெருமை வந்தவளுக்குப் பகையாவது, உறவாவது? துவைக்கிற கல் மேல் ஏறி, உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு குஞ்சுகளையும் சுவருக்கு மேலே நீட்டினேன். "அத்த, இத்த பாரு. ரெண்டும் கட முட்ட. நான் வச்சேன், பொரிச்சிகீது. என் கை ராசி" என்றேன்.

பந்தலில் அம்மாவின் கை நின்றது. அவரைக்காய்கள் மடியிலிருந்து கொட்டின. அவள் குனிந்து எடுக்கவில்லை. அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு வருடத்துக் கோபத்தை அந்த ஒரு வார்த்தையில் தீர்த்துக்கொண்டிருக்கலாம். உன் அம்மா என் வாசலில் வந்து நின்றாள் என்று தெரு கேட்கச் சொல்லியிருக்கலாம். என் கையும் அன்றோடு போயிருக்கும், அம்மாவின் தலையும் குனிந்திருக்கும்.

அத்தை குஞ்சுகளின் கழுத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் தலைக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் அன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆமா கண்ணு" என்றாள் அத்தை. "கட முட்டன்னா கழுத்து இப்டிதான் இர்க்கும். ராசியான கை உனுக்கு."

அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "வாயேன், பொங்கலு கீது. ஒரு வாய் துன்னுட்டு போ" என்றாள். வாசலில் நின்று முட்டை கேட்டதை விட்டுவிட்டால், ஒரு வருடத்துக்குப் பிறகு அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். அம்மாவும் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

என் அம்மாவைப் போல மானமுள்ள ஒருத்தியை நான் இதுவரை பார்த்ததில்லை. அதை அவள் எனக்காக ஒரு வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்திருந்தாள் என்பதோ, அந்த வாசலுக்குச் சொந்தக்காரி அதை மிதிக்காமல் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்பதோ அன்று எனக்கு எங்கே தெரியும்? இரண்டு பேரும் என் கையின் அதிசயத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, குஞ்சுகளை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கிக் காட்டினேன்.