மூன்று மொழியில் படித்த ஜெபச் சீட்டு

ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சபையில் பைபிள் உமனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆயர் பிரசங்கம் செய்வார். வீடு சந்திப்பது, ஆஸ்பத்திரிக்குப் போவது, பெண்கள் கூட்டம் நடத்துவது, பாய் விரிப்பது எல்லாம் பைபிள் உமன் தலையில். புதிதாக ஊழியத்துக்கு வரும் பிள்ளைகளுக்காக ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். நடந்த நன்மைகளை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கெடுத்த ஒன்றை, பெயர், ஊர், ரூம் நம்பர் எல்லாம் மாற்றி, அந்தப் பிள்ளையிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

1. பெட்டி

கம்பெனி ஹாஸ்டல்களில் தங்கி வேலை செய்யும் பெண் பிள்ளைகள் எங்கள் சபைக்கு வருவார்கள், கடைசி வரிசையில் உட்கார்வார்கள், ஆசீர்வாதம் முடிவதற்குள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். யார் என்ன என்று ஒன்றும் தெரியாது. இவர்களைச் சபையோடு சேர்க்க வேண்டும் என்று எழுப்புதல் கமிட்டி கூடியது. போண்டா தீரும் வரைக்கும் பேசினார்கள். கடைசியில் நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ஹாஸ்டலில் ஒரு பெட்டி வைப்போம், ஜெபக் குறிப்பை எழுதிப் போடட்டும், ஞாயிற்றுக்கிழமை சபையே சேர்ந்து ஜெபிக்கும்.

பிஸ்கட் டின் ஒன்றின் மூடியில் ஓட்டை போட்டு ஹாஸ்டல் வாசலில் வைத்தேன். முதல் வாரமே பதினோரு சீட்டு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் சபையின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். எல்லை ஊர் என்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிற குடும்பங்கள் உண்டு. எனக்கு மூன்றும் சரளம். பக்கத்துப் பேரிகை கிராமத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அது பெரிய வித்தையும் இல்லை. ஆகவே ஜெபக் குறிப்பு வாசிப்பது என் வேலை. முதலில் தமிழ், பிறகு கன்னடம், பிறகு தெலுங்கு. பெயர், இருப்பிடம், வியாதி மூன்றையும் சொல்லித்தான் வாசிப்போம். ஆண்டவருக்கு விலாசம் தெரியாது என்று நினைத்தோமோ என்னவோ.

2. நாலாவது வரிசை

அந்தச் சீட்டில் நாலே வரி. "ஸ்டெல்லா, ரூம் 14. எனக்கு ஃபிட்ஸ் உண்டு. ரெண்டு வருஷமா வரலை, இனியும் வரக்கூடாது. அடுத்த மாசம் வேலை கன்ஃபர்ம் ஆகணும்."

படித்தேன். தமிழில் ஒரு தடவை. கன்னடத்தில் ஒரு தடவை. தெலுங்கில் படிக்கும்போது நானாகவே, "இந்த மகளின் கண்ணீரைத் துடையும்" என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். நாலாவது வரிசையில் நீலச் சுடிதார் போட்ட பிள்ளை ஒருத்தி முகத்தை மடியில் கவிழ்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். ஆவியில் உடைந்து அழுகிறாள் என்று நினைத்து என் குரலை இன்னும் ஏற்றினேன். சபை முழுவதும் எழுந்து நின்று அவள் பெயரைச் சொல்லிச் சத்தமாக ஜெபித்தது.

வெளியே வந்ததும் ஆயரம்மா என் கையைப் பிடித்து, "இன்னைக்குதான் சிஸ்டர் சபையில அனல் வந்துச்சு" என்றார். எனக்கும் பெருமைதான். மறைப்பானேன்?

3. ரூம் 14

புதன்கிழமை ஹாஸ்டலுக்குப் போனேன். வார்டன் அம்மா என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. "உங்க பொண்ணு ரெண்டு நாளா டூட்டி போகலைங்க. போய்ப் பாருங்க" என்றார்.

நாலாவது வரிசையில் குலுங்கிய அதே பிள்ளைதான் ஸ்டெல்லா. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வயது, தென்காசிப் பக்கம். வாகனங்களுக்கு வயர் செட் கட்டும் கம்பெனியில் டிரெயினி. கூடத் தங்கியிருந்த மூன்று பேரும் வேறு ரூமுக்கு மாறிவிட்டிருந்தார்கள். ஒட்டிக்கொள்ளும் வியாதியா அது? இருந்தும் போய்விட்டார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றேன்.

"லைனை விட்டு எறக்கிட்டாவ சிஸ்டர். எச்.ஆர்ல கூப்பிட்டு, உனக்கு ஃபிட்ஸாமே, ஏன் ஃபார்ம்ல எழுதலைன்னு கேட்டாவ. டாக்டர் லெட்டர் கொண்டா, இல்லேன்னா ஊருக்குப் போன்னுட்டாவ."

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "எங்க ஊர்ல நான் நடந்து போனாலே, வலிப்புக்காரி வாராள்னு சாவிக்கொத்த எடுத்துக்கிட்டு நிப்பாவ சிஸ்டர். பொண்ணு பாக்க வந்தவங்க தெருமுனையோட திரும்பிப் போனாவ. இங்கனதான் ரெண்டு வருஷமா நான் சும்மா ஸ்டெல்லாவா இருந்தேன். நான் ஆண்டவருக்குத்தான எழுதுனேன்? உங்களுக்கா எழுதுனேன்?"

முப்பது வருஷம் ஊழியம் செய்தவள் நான். வெட்கமாக இருந்தது. ஒரே மொழியில் படித்திருந்தாலாவது பாதிப் பேருக்குப் புரியாமல் போயிருக்கும்.

4. தேவராஜ்

கம்பெனியில் சொன்னது யார் என்று கண்டுபிடிப்பது பெரிய கம்பசூத்திரம் இல்லை. எங்கள் கமிட்டி மெம்பர் தேவராஜ் அவளுடைய லைன் சூப்பர்வைசர். பர்கூர்க்காரர், நல்ல மனுஷன், கிறிஸ்மஸ் நாடகத்தில் வருஷா வருஷம் கொடுங்கோலன் ஏரோது ராஜா வேஷம் அவருக்குத்தான். நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"கோயில்ல கேட்டதைக் கம்பெனியில போய்ச் சொல்லலாமா தேவராஜ்? அந்தப் பிள்ளை வயித்துல மண்ணப் போட்டுட்டீங்களே" என்று பிடித்தேன்.

அவர் காபியைக் கீழே வைத்தார். "ஏங்க சிஸ்டர், என் காதுல விழுந்துடுச்சுங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு மிஷின் மேல விழுந்தா, உனக்குத் தெரியுமா தெரியாதான்னு கேப்பாங்க. தெரியாதுன்னு பொய் சொல்றதுங்களா? நீங்களே சொல்லுங்க."

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"நான் ஒரு ஆளுகிட்டதாங்க சொன்னேன். நீங்க மைக்ல சொன்னீங்க" என்றார்.

அதற்கு மேல் அங்கே உட்கார என்ன இருக்கிறது? எழுந்தேன். வாசல் வரை வந்தவர், "டாக்டர் லெட்டர் வாங்கிக் குடுங்க சிஸ்டர். உக்காந்து பண்ற லைன் ஒண்ணு இருக்குது, மிஷின் இல்ல. நான் பேசிப் பாக்கறேன்" என்றார்.

5. கிருஷ்ணகிரி பஸ்

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அடுத்த மூன்று வாரம் எனக்கு அதுதான் வேலை. ஸ்டெல்லாவுக்கு மாத்திரை எழுதும் நரம்பு டாக்டர் கிருஷ்ணகிரியில் இருந்தார். இரண்டு தடவை போய்வந்தோம். முதல் தடவை பஸ்ஸில் அவள் என்னோடு பேசவில்லை. பக்கத்து சீட் காலியாக இருந்தும் முன்னால் போய் உட்கார்ந்தாள். சூளகிரி தாண்டும்போது ஜெபிக்கலாம் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறாள், இரண்டு வருஷமாக வலிப்பு இல்லை, மிஷின் இல்லாத வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். தேவராஜ் அதை வாங்கிக்கொண்டு எச்.ஆரிடம் நாலு நாள் நடந்தார். உட்கார்ந்து செக் செய்யும் பிரிவில் போட்டார்கள். கன்ஃபர்மேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. அதுவே பெரிய காரியம்.

வேலை பிழைத்தது, சரி. ஆனால் அவள் வேண்டியது அது மட்டும் இல்லையே. கேன்டீனில் அவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் பேச்சு நின்றுபோனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதை எந்த டாக்டர் லெட்டராலும் என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

6. சாட்சி

வேலை கிடைத்த செய்தி ஆயர் காதுக்குப் போயிற்று. அவருக்கு ஒரே சந்தோஷம். "சிஸ்டர், வர்ற எழுப்புதல் கூட்டத்துல அந்தத் தங்கச்சிய மேடையேத்தி சாட்சி சொல்ல வைங்க. சபை ஜெபிச்சது, கர்த்தர் செஞ்சாரு. ஹாஸ்டல் பிள்ளைங்க எல்லாம் கேட்டா எவ்வளவு பேர் வருவாங்க" என்றார்.

ஆயர் கெட்டவர் இல்லை. இரண்டு மாதம் முன்னால் என்றால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன், மூன்று மொழியிலும்.

"அந்தப் பிள்ளை பேரு இந்த மைக்குல ஒரு தடவை வந்ததே போதுங்க ஐயா" என்றேன்.

"என்ன சிஸ்டர், கர்த்தர் செஞ்ச நன்மைய மறைக்கலாமா?"

"நன்மை அவளுது. மறைக்கிறதும் சொல்றதும் அவ இஷ்டம். நான் போய்க் கேக்க மாட்டேன்."

அவர் முகம் சுண்டிப் போயிற்று. ஒரு மாதம் என்னோடு அளந்துதான் பேசினார். ஆனால் சீட்டுகளை வாசிக்க வேண்டாம் என்று நான் கமிட்டியில் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் தேவராஜ், இரண்டாவது ஆயர். அதன் பிறகு சீட்டுகளைப் பிரிக்காமல் பீடத்தில் வைத்து ஒரே ஜெபமாக ஜெபித்தோம். மைக்கில் அனல் குறைந்துவிட்டது என்று ஆயரம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.

7. ஸ்டேப்ளர்

ஸ்டெல்லா சபைக்கு வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. பெட்டியை எடுக்க வாரம் ஒரு முறை ஹாஸ்டலுக்குப் போவேன். எதிரே பார்த்தால் தலையாட்டுவாள், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற இரண்டு வாரம் இருக்கும்போது பெட்டியில் ஒரு சீட்டு. எட்டாக மடித்து, நாலு பக்கமும் ஸ்டேப்ளர் அடித்திருந்தது. வெளியே ஒரு எழுத்து இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும். கை துறுதுறுத்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்படியே கொண்டுபோய்ப் பீடத்தில் வைத்தேன்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். நீலச் சுடிதார் வந்து நின்றது. கடைசி வரிசையில் இருந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை.

"சீட்ட பிரிச்சியளா சிஸ்டர்?"

"இல்லம்மா."

"நெசமா?"

"பீடத்துலயே கெடக்குது. நீயே போய்ப் பாரு."

போனாள். கையில் எடுத்து, நாலு ஸ்டேப்ளர் பின்னையும் விரலால் தடவிப் பார்த்தாள். திரும்பி வந்து, நான் பாதி சுருட்டி வைத்திருந்த பாயை விரித்து உட்கார்ந்தாள்.

"உக்காருங்க சிஸ்டர். நானே சொல்லுதேன்" என்றாள்.

முக்கால் மணி நேரம் சொன்னாள். என்ன சொன்னாள் என்று ஆயர் கேட்டார், ஆயரம்மா கேட்டார். இதைப் படிக்கும் பிள்ளைகளே, நீங்களும் கேட்பீர்கள். சொல்ல மாட்டேன்.