படாத குண்டு

எருமப்பட்டிச் செங்கோடன் யுத்தக் காலத்தில் கப்பலுக்குக் கரி அள்ளிப் போடப் போனவன். இரண்டு கணுக்காலும் நொறுங்கி ஊர் திரும்பினான். கடலுக்கடியில் கண்ணிவெடி வெடித்தது. கப்பலில் ஓட்டை விழவில்லை. ஆனால் தண்ணீர் அறைந்த வேகத்தில் கப்பலின் அடித்தகடு குழிந்து, தளம் துள்ளி அவன் காலை உடைத்துவிட்டது.

"குண்டே படலீன்னா கால் எப்படி மாப்ள ஒடையும்? குடிச்சுப்போட்டு உழுந்திருப்பே" என்றான் கிணறு வெட்டும் மச்சான் வையாபுரி. ஊரும் அதையே சொன்னது. பெண்டாட்டி கண்ணாத்தாளும் நம்பவில்லை. விளக்கி விளக்கிச் செங்கோடனுக்கு வாய் வலித்தது.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள், காலி மண்ணெண்ணெய் டின்னை மூடி ஈயம் பற்றவைத்து, கல் கட்டிக் கிணற்றுத் தண்ணீரில் இறக்கினான். அதற்கு இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டடி, தள்ளித் தண்ணீருக்குள் வையாபுரியை வெடி வைக்கச் சொன்னான். மேலே வந்த டின்னில் ஒரு பொத்தல் இல்லை. மூலைகள் அப்படியே நிற்க, நான்கு பக்கமும் உள்ளே ஒட்டிக் கிடந்தது.

"இதுல எது மச்சான் பட்டுது?" என்று கத்தினான்.

"அது தகரம் மாப்ள. கப்பலு இரும்பாச்சே!"

செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டான். கிணற்றோரப் பாறையில் நின்றிருந்த கண்ணாத்தாள் குனிந்து உள்ளங்காலைத் தேய்த்தாள்.

"ஏனுங்க, வெடி வெடிச்சப்ப மேல நின்ன எனக்கே கால் விண்ணுன்னு போச்சுங்க. உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!"

வையாபுரி மறுபடி வாயைத் திறந்தான்.

"நீ சும்மா இரு அண்ணா" என்றாள் அவள்.