ஆபரேட்டரம்மா சொல்லாத வாக்கியம்

நலத்துறை அலுவலகத்தின் தொலைபேசி மேசையில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தவர் அவர். ‘ஆபரேட்டரம்மா’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். யாருக்காவது உதவி மறுக்கப்பட்டிருந்தால் பட்டென்று சொல்லிவிட மாட்டார். “கொஞ்சம் லைன்ல இருங்க” என்று எழுந்து போய், எந்தக் காகிதம் குறைகிறது, அதை எங்கே வாங்கலாம் என்று விசாரித்து வந்து சொல்லித்தான் ரிசீவரை வைப்பார். மேலதிகாரிக்கு அதில் கடுப்பு.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம், ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து இரண்டு நாள் ஏதேதோ வாசிக்கச் சொன்னார்கள். எண்கள், தெருப் பெயர்கள், வானிலை அறிக்கை. “உங்க குரல் ஜனங்களுக்குப் பழகிப்போச்சும்மா” என்றார் அதிகாரி. பெருமையாக இருந்தது. அவர் நீட்டிய தாளில் ஆபரேட்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

எட்டு மாதம் கழித்து, பக்கவாதத்தில் படுத்திருந்த கணவரைக் குளிப்பாட்ட வரும் நலத்துறை உதவியாள் திடீரென்று வராமல் நின்றுபோனார். மூன்று நாள் பார்த்துவிட்டு ஆபரேட்டரம்மா தன் பழைய அலுவலகத்துக்கே போன் போட்டார். இயந்திரக் குரல் ஒன்று கோப்பு எண்ணை அழுத்தச் சொன்னது. அழுத்தினார்.

“உங்களுக்கான உதவி நிறுத்தப்பட்டுள்ளது. இந்த முடிவு இறுதியானது. நன்றி.”

பேசியது அவருடைய குரல்.

ஸ்பீக்கரில் கேட்ட கணவர் தலையைத் திருப்பி, “யார்கிட்ட பேசுற?” என்றார் குழறலாக. இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஆபரேட்டரம்மாவின் வாயிலிருந்து வராத வாக்கியம் அது.

மறுநாள் மருந்துக்கடையில், “இதுல ரெண்டு அட்டை குடுங்க” என்றதும் பக்கத்தில் நின்ற பெண் விருட்டென்று திரும்பினாள்.

“நீதானா அது? நடக்க முடியாத பிள்ளை, பள்ளிக்கூட வண்டிய நிறுத்தாதீங்கன்னு போன்ல அழுதேனே. நன்றின்னு சொல்லி வச்சுட்டியே! நீயெல்லாம் மனுஷியா?”

“அது நான் இல்லைங்க…”

அந்தக் குரலைக் கேட்டு அவள் முகம் இன்னும் சிவந்தது. ஆபரேட்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மருந்துப் பையோடு நேரே அலுவலகத்துக்குப் போனார். அவருடைய மேசை இருந்த இடம் காலியாகக் கிடந்தது.

“கையெழுத்துப் போட்டிருக்கீங்களேம்மா” என்றார் அதிகாரி.

“தெருப் பேரு படிச்சதுக்குப் போட்டேன் சார். இதை நான் சொல்லவே இல்லையே?”

“சொல்ல வேண்டாம்மா. உங்க குரலை வச்சு சிஸ்டமே வார்த்தையைக் கோத்துக்கும்.”

“சரி, நிறுத்தணும்னு முடிவு பண்றது யாரு?”

“அதுவும் சிஸ்டம்தான்.”

“அப்ப நான் யாரைக் கேக்குறது?”

“போன்லதான்.”

தன் குரலை எடுத்துவிடச் சொல்லி ஆபரேட்டரம்மா தினம் ஒரு மனு எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஏழாவது வாரம் குரலை மாற்றினார்கள். இப்போது ஓர் ஆண் அதே வாக்கியத்தைச் சொல்கிறான்.

மருந்துக்கடைக்காரரிடம் விலாசம் வாங்கி அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார். பேசப் பயந்து, நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி நீட்டினார். அவள் வாசலிலேயே நின்று இருமுறை படித்தாள். “உள்ள வாங்கக்கா” என்றாள்.

இருவரும் சேர்ந்து மேல்முறையீடு எழுதினார்கள். எந்தக் காகிதம் குறைகிறது என்று ஆபரேட்டரம்மாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. இரண்டு மாதத்தில் பிள்ளைக்குப் பள்ளி வண்டி திரும்ப வந்தது. கணவருக்காக எழுதிய மனுவுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை.